லாண்டனுக்கு எத்தனையாவது இடம்?

என் அக்கா கோரின் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. முதல் இன்னிங்ஸில் வலைக்குப் பின்னால் இருப்பாள். அடுத்ததில் வலப்பக்கம், முதல் பேஸ் அருகே போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் தேடினால் எதிர்ப்பக்கத்துக் கம்பியில் சாய்ந்து, சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டு நிற்பாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். நான் மைதானத்தின் டிக்கெட் ஜன்னலில் உட்காருகிறவள். "டார்லா, உங்க அக்கா எங்க?" என்று யாராவது கேட்டால், "இங்கயே நில்லுங்க, அவளே சுத்திக்கிட்டு வருவா" என்பேன்.

எங்கள் ஊர் அயோவாவில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் இருக்கிறது. பெரிய லீக்குக்கு ஏறுகிற ஏணியில் எங்கள் அணி கீழ்ப்படிகளில் ஒன்று. இருபது வயதை ஒட்டிய பையன்கள் வருவார்கள், ஒரு கோடையோ இரண்டு கோடையோ ஆடுவார்கள். சிலர் மேலே போவார்கள். பெரும்பாலானோர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர்களில் யார் மேலே போவான், எவ்வளவு தூரம் போவான் என்று முன்கூட்டியே கணித்து வரிசைப்படுத்துவதுதான் கோரினின் பிழைப்பு. பேஸ்பாலுக்கென்றே நடக்கும் ஓர் இணைய இதழில் வருஷத்துக்கு இரண்டு முறை அவளுடைய முப்பது பேர் வரிசை வெளியாகும். ரசிகர்கள் அதை வைத்துச் சண்டை போடுவார்கள். பெரிய அணிகளின் அலுவலகங்களில் அதைப் படிப்பார்கள். அந்தக் குப்பையை நாங்கள் தொடுவதே இல்லை என்று சொல்லும் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் படித்துவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் மதிப்பெண் இருபதில் ஆரம்பித்து எண்பதில் முடியும். ஐம்பது என்றால் பெரிய லீக்கில் சராசரி ஆள். எண்பது வாங்குகிறவனை ஆயுசில் இரண்டு மூன்று முறை பார்த்தால் அதிர்ஷ்டம். அடி, ஓட்டம், வீச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். கோரினுக்கு இந்தப் பழக்கம் மைதானத்தோடு நிற்கவில்லை. பாதிரியாரின் பிரசங்கத்துக்கு நாற்பத்தைந்து. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் சுட்டுக் கொண்டுவரும் ருபார்ப் பை என்கிற இனிப்பு அப்பத்துக்கு அறுபது, அங்கே ஊற்றுகிற காபிக்கு இருபது. ஒரு கல்யாண நாளன்று அவள் கணவன் டேல் சிரித்துக்கொண்டே, "அப்ப நான் எத்தனை?" என்று கேட்டுவிட்டான். அவள் யோசித்தாள். யோசித்ததே தப்பு.

"அம்பத்தஞ்சு."

அவன் எழுந்து வெளியே போனான். "சராசரிக்கு மேல டேல்! அது நல்ல நம்பருப்பா!" என்று இவள் பின்னாலேயே ஓடினாள். சில வருஷங்களில் அவர்கள் பிரிந்தார்கள். வருஷத்தில் பாதி நாள் அவள் இண்டியானாவிலும் ஒஹாயோவிலும் ஏதாவது ஒரு மைதானத்தில் நின்றதுதான் நிஜமான காரணம். ஆனால் டேல் ஊர் முழுக்கச் சொன்னது அந்த ஐம்பத்தைந்தைத்தான்.

இளம் வயதில் கோரின் நன்றாக ஆடியவள். கல்லூரி சாஃப்ட்பால் அணியில் அவளைத் தாண்டிப் பந்து போகாது. பிறகு முழங்கால் போயிற்று. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். சாயங்காலங்களில் எங்கள் மைதானத்துக்கு வந்து, யாருமே கண்டுகொள்ளாத ஒரு ஒல்லிப் பந்துவீச்சாளனைப் பற்றி ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதினாள். அவன் பெரிய லீக்கில் நிலைத்து ஆடினான். அதிலிருந்து அவளைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. கடைசியில் பள்ளி வேலையையும் விட்டுவிட்டாள். அப்போது அவள் மகள் பிரிட்டாவுக்கு ஒன்பது வயதிருக்கும். கோடைக்காலங்களில் அந்தக் குழந்தை என் வீட்டில்தான் வளர்ந்தது.

எல்லாக் கணிப்பும் பலிக்கவில்லை. டெக்ஸஸ்காரன் ஒருவனை ஒரு வருஷம் முதல் இடத்தில் போட்டாள். இரண்டே வருஷத்தில் அவன் காணாமல் போனான். பல காலம் கழித்து அமரில்லோ பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினாள். கேஸ் லாரியிலிருந்து இறங்கிய ஒருவன் அவள் தொப்பியையும் ஸ்டாப்வாட்சையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தானாம்.

"என்னை ஞாபகம் இருக்கா? முதல் இடத்துல போட்டீங்களே."

"இருக்கு."

"எங்கப்பா அதக் கண்ணாடி போட்டு டயர் கடையில மாட்டினார். இன்னும் எடுக்கலைங்க. வர்றவன் போறவனெல்லாம் 'இப்ப எந்த டீம்ல தம்பி?'ன்னு கேக்கறான். நீங்க என்னைப் பதினஞ்சாவதா போட்டிருந்தா நான் அந்தப் பக்கமா போயாவது வந்திருப்பேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை என்றாள் கோரின். அதுதான் அவளைத் தூங்க விடவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே அடுத்த மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவளால் நிற்க முடியாது. நின்றால் இப்படிப்பட்ட முகங்கள் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றும்.

லாண்டன் ப்ரூயிட் எங்கள் அணிக்கு வந்தது இரண்டாயிரத்துப் பதிமூன்றில். அவன் ஆர்கன்ஸா பையன், கேட்சர். அதாவது மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, அசுர வேகத்தில் வரும் பந்தையெல்லாம் கையுறையில் வாங்குகிறவன். எல்லாரையும் 'மேடம்', 'சார்' என்பான். டிக்கெட் ஜன்னலைக் கடக்கும்போது என் முழங்கால் வலியை விசாரிப்பான். கோரின் முதல் வருஷம் அவனை இருபத்தெட்டாவது இடத்தில் வைத்தாள். அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டாள். "கை தங்கம். பந்து வாங்கறதுல அறுபது. ஆனா மட்டை லேட்டு" என்று எழுதினாள்.

அந்த ஜூன் மாதத்தில் பிரிட்டா என்னிடம் வந்து, "சித்தி, ஒரு விஷயம். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, கால்நடை மருத்துவமனையில் வேலை. லாண்டன் வளர்த்த நாய்க்குக் காதில் சீழ் பிடித்ததில் ஆரம்பித்த பழக்கமாம்.

"ஊர்ல வேற ஆம்பளையே இல்லையாடி?"

"அவன் நாய்க்கு மருந்து போடறப்ப நாயைவிட அவன்தான் அதிகமா அழுதான். நான் என்ன பண்றது?"

நான் கோரினிடம் சொன்னேன். அவள் விதையைத் துப்பிவிட்டு, "கேட்சரா? முட்டி போயிடும் அவனுக்கு. நாப்பது வயசுல மாடி ஏறமாட்டான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவனை வரச்சொன்னாள்.

பன்றி இறைச்சி வறுவல், வேகவைத்த சோளம், உருளைக்கிழங்கு சாலட். நானும் இருந்தேன். லாண்டன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். ஜெபம் முடிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மேடம், என்னை எதுக்கு எடுத்தீங்க?"

"லாண்டன்!" என்றாள் பிரிட்டா.

"இல்ல பிரிட்டா, கேக்கட்டும். இதை மனசுல வச்சுக்கிட்டு சாப்பிட்டா அவனுக்குச் செரிக்காது." கோரின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "போன வருஷம் உள்ள வர்ற பந்தை நீ வயித்துக்கு முன்னாடியே அடிச்சே. இந்த வருஷம் தொப்புளுக்கு வந்தப்புறம் அடிக்கிறே. எங்கேயோ ஒரு இடத்துல பயப்படற."

"எனக்கென்ன மேடம் பயம்?"

"அதத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். அப்புறம் இந்த மேடத்தை விடு. நான் பள்ளிக்கூடத்தை விட்டே ரொம்ப வருஷமாச்சு."

"சரிங்க மேடம்."

பிரிட்டா சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கோரின்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சாப்பாடு கலகலவென்று போனது. லாண்டன் தன் மாமாவின் கெளுத்தி மீன் பண்ணையைப் பற்றிச் சொன்னான். வலையில் சிக்கிய ஆமை மாமாவின் கால்சட்டையைக் கவ்வி இழுத்ததை எழுந்து நின்று நடித்தே காட்டினான்.

நடுவில் பிரிட்டா ஊறுகாய் ஜாடியை அவனிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாள். அவன் அதை இடது கையில் பிடிக்கவில்லை. முழங்கை மடிப்பில் வைத்து விலாவோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மூடியைத் திருகினான். நாங்கள் ஆமைக்காகச் சிரித்துக்கொண்டிருந்தோம். கோரின் மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள். அதன்பின் சாப்பாடு முடியும்வரை அவள் அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை பெரும்பாலும் மடியிலேயே இருந்தது.

பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். "உள்ளங்கையோட அடியில கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கு. மட்டையோட கைப்பிடி அங்கதான் இடிக்கும். அவனுக்கு அது உடைஞ்சிருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவன் பயம் எங்க இருக்குன்னு தேடினேனே. அங்கதான் இருக்கு."

"பிரிட்டாவுக்குத் தெரியுமா?"

"சுளுக்குன்னு சொல்லி வச்சிருப்பான்." தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டை மறுபடி எடுத்துத் துடைத்தாள். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனாள். வீட்டில் பால் இருந்தது.

அதன்பின் அவள் வெளியூர் போகவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே கலவரம்தான். தினமும் எங்கள் மைதானத்திலேயே சுற்றிச்சுற்றி வந்தாள். பயிற்சி நேரத்திலேயே வந்துவிடுவாள். நான் டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்தால் ஜன்னல் ஓரம் நின்று விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள்.

"போய் எங்கயாவது உக்காரேன், கோரின். எண்ணிக்கை தப்புது."

"நான் பாட்டுக்கு நிக்கிறேன்."

"நீ எங்க நிக்கிற? ஆடற."

ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் காலை லாண்டன் தன் பழைய பிக்கப் வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு இறங்கினான். கோரின் அவனை வழிமறித்தாள். என் ஜன்னலுக்கு எதிரிலேயே நடந்ததால் எல்லாம் கேட்டது.

"கையைக் காட்டு."

அவன் காட்டவில்லை. பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். "பிரிட்டா சொன்னாளா?"

"உன் ஊறுகாய் ஜாடி சொல்லுச்சு. எத்தனை நாளா?"

"மே மாசத்துலேர்ந்து." குரல் இறங்கிவிட்டது. "மேடம், சீசன் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே எக்ஸ்ரே எடுத்துக்கறேன். சத்தியமா."

"அதுக்குள்ள அந்த எலும்போட முனை நரம்பை அறுத்துரும். இப்பவே போனா சின்ன ஆபரேஷன். ரெண்டு மாசத்துல மட்டை பிடிக்கலாம்."

"ரெண்டு மாசம் யாரு காத்திருப்பாங்க? எனக்கு இருபத்துநாலு. பின்னாடி ஒருத்தன் நிக்கிறான், பத்தொம்பது வயசு, காசைக் கொட்டிக் கொடுத்து எடுத்திருக்காங்க. நான் ஒரு வாரம் படுத்தா அவன் உக்காந்துருவான். அவன் உக்காந்துட்டா நான் எங்க மாமாகூட மீனுக்குத் தீனி போடத்தான் போகணும்." அவன் கண் கலங்கியிருந்தது. "வேற ஒரு டீம் அவங்க ஆளைக் கொடுத்து என்னை மாத்தி எடுத்துக்கப் பாக்குதாம். அப்படி மாத்தறதுக்கு இந்த மாசக் கடைசிதான் கெடு, அதுக்குள்ள நடந்துரும். அங்க போயிட்டா எல்லாம் சரியாயிரும். நீங்க சொல்லிட்டா நான் தொலைஞ்சேன். உங்க கால்ல விழறேன்."

கோரின் வாழ்க்கையில் வாய்க்குள் எதையும் வைத்துக்கொண்டவள் அல்ல. ஒரு பையனின் அம்மா பக்கத்தில் நிற்கும்போதே அவனுக்கு வீச்சு வராது என்று சொல்லியிருக்கிறாள். நான் எண்ணிய டிக்கெட்டுகளைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தேன்.

"சரி," என்றாள். "நான் சொல்லமாட்டேன்."

அவன் உள்ளே ஓடினான். நான் ஜன்னலிலிருந்தே கூப்பிட்டேன். "என்ன கோரின் இது?"

"அவன் பிரிட்டாவோட ஆளு."

"அதனாலதானே சொல்லணும்?"

"அவ கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? 'உன் ஆளோட பொழப்பை நான்தான் முடிச்சேன்'னா? அவ அப்பன் போனப்பவே என்னைத்தான் சொன்னா." அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். முதல் பேஸ் பக்கம் போனாள், அங்கே நிற்கவில்லை.

அந்த வாரமே ஒரு பெரிய அணியின் ஆள் அவளுக்குப் போன் செய்தார். வருஷக்கணக்காகத் தெரிந்தவர். ப்ரூயிட்டை மாற்றி எடுக்கலாமா, உன் கண்ணுக்கு எப்படி இருக்கிறான் என்று கேட்டார். கோரின் என் வீட்டுக் கொல்லையில் தக்காளிச் செடிகளைச் சுற்றி நடந்துகொண்டே பேசினாள்.

"எனக்கு அவனப் பத்தி அபிப்பிராயம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்கே கேட்டது. "உனக்கா? அபிப்பிராயம் இல்லையா? உடம்பு சரியில்லையா கோரின்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வியர்த்திருந்தது. பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும், உண்மையைச் சொல்லவில்லை என்பதும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.

ஜூலை வரிசை அனுப்பவேண்டிய நாள் வந்தது. இதழின் ஆசிரியர் கில் கூப்பிட்டார்.

"ப்ரூயிட் நல்லா பந்து வாங்கறான், பேச்சு அடிபடுது. நீ மறுபடியும் போடலையே. ஏன்?"

"என் பொண்ணு அவன்கூடப் பழகறா. நான் அவனை மதிப்பிடக்கூடாது."

"அதையே அடியில எழுது, எழுதிட்டு ஒரு நம்பரைப் போடு. ஜனங்க புரிஞ்சுக்குவாங்க."

"நம்பர் போடமாட்டேன் கில்."

"இருபது வருஷமா ஆளாளுக்கு நம்பர் போட்டே. இப்ப என்ன திடீர்னு கூச்சம்?"

அவள் சொன்னபடியே வந்தது. முப்பது பேருக்குக் கீழே ஒரு வரி: குடும்பக் காரணத்தால் லாண்டன் ப்ரூயிட்டை மதிப்பிடவில்லை. அந்த ஒரு வரியை மற்ற முப்பதையும்விட அதிகமாகப் பேசினார்கள். கல்யாணமா என்று ரசிகர்கள் கேட்டார்கள். இவளுக்கு ஏதோ தெரியும், மறைக்கிறாள் என்று அணிக்காரர்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது. மாதம் முடிந்தது. அவனை யாரும் மாற்றி எடுக்கவில்லை. அந்த வரிதான் காரணமா, வேறு ஏதாவதா, யாரும் யாரிடமும் சொல்லவில்லை. லாண்டன் என் ஜன்னலைக் கடக்கும்போது முழங்கால் வலியை விசாரிப்பதை நிறுத்திவிட்டான். பந்தை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பந்தும் அந்தக் கையில்தான் போய் விழுந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதிய ஆட்டம். கூட்டம் நிறைய இருந்தது. டிக்கெட் விற்று முடித்துவிட்டு நானும் உள்ளே போய் பிரிட்டா பக்கத்தில் உட்கார்ந்தேன். லாண்டன் மட்டையோடு நின்றான். உள்ளே வந்த பந்துக்கு முழு பலத்தோடு சுழற்றினான். பந்து பின்னால் சிதறிப் போனது. மட்டை கையிலிருந்து நழுவியது. அவன் விழவில்லை, கத்தவில்லை. இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

மட்டை தரையில் உருண்டு நிற்பதற்குள் கோரின் மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து ஓடிவந்து வலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முழங்காலோடு அவள் ஓடி நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. மருத்துவ உதவியாளர் லாண்டனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணிக்கட்டு இல்ல!" என்று கத்தினாள். "உள்ளங்கை அடி! அந்தச் சின்ன எலும்பு! மே மாசத்துலேர்ந்து உடைஞ்சு கெடக்கு! விரலை மடக்கச் சொல்லு, மடங்குதான்னு பாரு!"

மடங்கவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீட்டியபடியே இருந்தன.

மைதானம் அமைதியாக இருந்ததால் அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. என் பக்கத்தில் பிரிட்டா மெதுவாக எழுந்தாள். "மே மாசமா?" என்றாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது கோரின் சொன்னதேதான். உடைந்த முனை உராய்ந்து உராய்ந்து விரல்களை மடக்கும் நரம்பை அறுத்திருந்தது. மே மாதமே வந்திருந்தால் அந்தத் துண்டை எடுத்திருப்போம், அவ்வளவுதான் என்றார். இப்போது நரம்பை ஒட்டுப்போட வேண்டும், முழுதாக மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

நடைபாதையில் பிரிட்டா அம்மாவின் எதிரில் வந்து நின்றாள். நான் இதுவரை கேட்டிராத நிதானமான குரலில் பேசினாள்.

"ஊர்ல இருக்கற அத்தனை பசங்களைப் பத்தியும் உலகத்துக்கே சொல்லுவ. பெத்தவங்க மனசு நோகும்னுகூடப் பாக்கமாட்ட. அப்பாவுக்கே நம்பர் போட்ட. இந்த ஒரே ஒரு தடவை பேசியிருக்கணும், இதுல போய் வாயை மூடிக்கிட்டியேம்மா."

"நீ கோவிச்சுக்குவேன்னு..."

"கோவிச்சிருப்பேன். ரெண்டு மாசம் கோவிச்சிருப்பேன்! அவன் கை இருந்திருக்கும்ல?"

"சித்தி, உங்களுக்கும் தெரியும்ல?" என்று என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்தேன். அவள் வளர்ந்த வீடு என் வீடு. அன்று அவள் என்னிடமும் அதற்குமேல் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் அணி லாண்டனை விடுவித்தது. யாரோ போனில் நன்றாகத்தான் பேசினார்களாம். அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் அடுத்த வருஷமும் எங்கள் ஊரிலேயே ஆடினான். சுமாராகத்தான் ஆடினான். பிரிட்டா வேலையை விட்டாள். லாண்டனோடும் நாயோடும் பிக்கப் வண்டியில் ஆர்கன்ஸாவுக்குப் போய்விட்டாள். என்னிடம் வந்து கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போனாள். அம்மாவிடம் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் தூக்கினாள்.

அந்தக் குளிர்காலம் கோரின் பட்டது போதும். பனியில் ஆட்டம் இல்லை, போக இடம் இல்லை. உறைந்த ஆற்றங்கரையில் காரை ஓட்டிக்கொண்டு போவாள், பாலம் வரை போய்த் திரும்புவாள். போனில் கூப்பிட்டால் பிரிட்டா எடுக்கமாட்டாள். வீட்டில் லாண்டன் ஆடிய பழைய ஆட்டங்களின் வீடியோக்களைப் போட்டு, கை உடைவதற்கு முந்தைய வருஷத்தை மட்டும் திரும்பத்திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறை சூப் கொண்டுபோனபோது திரையை நிறுத்தாமலே கேட்டாள்: "அவன்கிட்டயே போயிப் பேசினா என்ன?"

"கூப்பிடலையே அவங்க."

"என்னை எந்த மைதானத்துக்கு யாரு கூப்பிட்டாங்க?"

மார்ச்சில் போனாள். நடந்ததை எனக்குப் போனிலும், பிறகு நேரிலும் சொன்னாள். ஊருக்கு வெளியே மீன் பண்ணையை ஒட்டி ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தது பிரிட்டா. "காபி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். லாண்டன் கொல்லையில் தீனி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். காலையில் மாமாவோடு வேலை, மதியம் பக்கத்துக் கல்லூரியில் கேட்சர்களுக்குப் பயிற்சி. இரண்டு விரலும் பாதிதான் மடங்கின.

"நீங்க வருவீங்கன்னு பிரிட்டாகிட்ட சொன்னேன். பந்தயம் வச்சோம். நான் ஜெயிச்சேன்" என்றான்.

கோரின் மன்னிப்புக் கேட்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, நடந்துகொண்டே கேட்டிருப்பாள்.

"நீங்க அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் உங்களை ஆயுசுக்கும் மன்னிச்சிருக்கமாட்டேன், மேடம். சொல்லாததால அவ மன்னிக்கமாட்டேங்கறா. எப்படிப் பண்ணியிருந்தாலும் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட நீங்க மாட்டியிருப்பீங்க. பொய் சொன்னது நான்தானே? நான்தானே உங்க கால்ல விழறேன்னேன்?" மூட்டையைக் கீழே போட்டான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். கை நல்லா இருந்திருந்தா நான் எத்தனையாவது?"

கோரினுக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கத்துக்காக எண்ணை ஏற்றினால் அது அவனுக்குத் தெரிந்துவிடும் என்பதும் தெரியும்.

"பத்தொம்பதாவது. பெரிய லீக்ல ரெண்டாவது கேட்சரா உக்காந்திருப்பே. வாரத்துக்கு ஒருநாள் ஆட்டம். ரெண்டு சீசன், போனா மூணு. மட்டை உன்னை அதுக்கு மேல தூக்கியிருக்காது."

அவன் அவளையே பார்த்தானாம். பிறகு வீட்டைப் பார்த்து உரக்கக் கத்தினான். "பிரிட்டா! பத்தொம்பதாம்! பெரிய லீக்காம்! மூணு சீசனாம்!"

"ரெண்டுன்னேன்" என்றாள் கோரின்.

"கேட்டுச்சு" என்று உள்ளிருந்து பிரிட்டாவின் குரல் வந்தது. சற்றுப் பொறுத்து, "காபி ஆறுது. ரெண்டு பேரும் வாங்க."

அவ்வளவுதான் அன்றைய சமாதானம். கோரின் இரவு அங்கே தங்கவில்லை, அவர்கள் தங்கச் சொல்லவும் இல்லை. அந்தப் பத்தொன்பது நிஜம்தானா என்று நான் பிறகு ஒருமுறை கேட்டேன். "குளிர்காலம் பூரா வேற என்ன பண்ணினேன்னு நெனச்சே?" என்று எரிந்து விழுந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் வரிசை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஒன்று மட்டும் மாறியது. எந்தப் பையன் உடம்பில் வலியை மறைத்தாலும் அவனிடமே போய் நின்று, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்கிறாள். போன கோடையில் வெனிசுவேலாப் பையன் ஒருவன் அவளைக் காட்டிக்கொடுப்பவள் என்று எல்லார் முன்னாலும் திட்டினான். அவள் அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். அவன் தோளைச் சரிசெய்துகொண்டு இந்த வருஷம் ஆடுகிறான். அவளைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கோரின் ஆர்கன்ஸா போய்வந்த வருஷமே, அக்டோபரில், பிரிட்டாவும் லாண்டனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சீசன் முடிந்த மாதமாகப் பார்த்துத் தேதி வைத்தது பிரிட்டாதான். கேட்டால், மீன் பண்ணையில் வேலை குறைந்த மாதம் என்றாள். இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். அதிக நேரம் பேசுவதில்லை. நாய், மழை, கல்லூரியில் லாண்டனிடம் பயிலும் ஒரு கேட்சர். அந்தக் கேட்சரைப் பற்றி கோரின் மேலும் மேலும் கேட்பாள். "அம்மா, வந்து பாக்கணும்னா வந்து பாரு, என்கிட்ட கேக்காத" என்பாள் பிரிட்டா.

சென்ற வாரம் கோரின் ஆர்கன்ஸாவுக்குக் கிளம்பினாள். அந்தப் பையனைப் பார்க்கவா, மகளைப் பார்க்கவா என்று நான் கேட்டேன்.

"வழியில பெட்ரோல் போடணும், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.